செய்து பார்த்தால்தான் புரியும்: ஐக்கிடோ கேள்வி – பதில்

ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஐக்கிடோவைப் பழகத் தொடங்கியவர்களும், சில வருடங்களாகப் பழகி வருபவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். தாக்கிவிட்டு விழுபவர் உகே, உத்தியைச் செய்பவர் நாகே. இந்த இரண்டு பெயர்களும் அடிக்கடி வரும்.

எங்கள் ஆசிரியர் ஒவ்வொரு உத்தியையும் நான்கு தடவை செய்து காட்டிவிட்டு உடனே “ம், செய்யுங்கள்” என்கிறார். எந்தக் கால் முன்னே, எந்தக் கை மேலே என்று எதுவும் சொல்வதில்லை. கேட்டால், “செய்யச் செய்ய வரும்” என்பார். விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தால் சீக்கிரம் பிடிபடாதா?

பாதுகாப்பு சம்பந்தப்பட்டதை அவர் வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும். எந்த மூட்டை எந்தத் திசையில் மடக்கக் கூடாது, விழும்போது தலை எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாவிட்டால், நீங்கள் கேட்டே தீர வேண்டும். மற்றபடி உங்கள் ஆசிரியர் பக்கம் நியாயம் இருக்கிறது. உகே உங்கள் மணிக்கட்டைப் பிடிக்கிறார். அந்தப் பிடி தள்ளுகிறதா, இழுக்கிறதா, அவர் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பது ஆளுக்கு ஆள், பிடிக்குப் பிடி மாறும். அதை உங்கள் கைதான் படிக்க வேண்டும். பத்து நிமிடம் விளக்கம் கேட்டால், அந்த நேரத்தில் முப்பது தடவையாவது செய்திருக்கக்கூடிய வாய்ப்பு போய்விடுகிறது.

நான்கு தடவை காட்டுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. பெரும்பாலும் முன்பக்கமாக நுழையும் ஒமோதே வகையை வலம் ஒன்று, இடம் ஒன்று. பின்பக்கமாகச் சுழலும் உரா வகையை அதேபோல் இரண்டு. புதியவர்கள் நான்கு தடவையும் கையையே பார்க்கிறார்கள். கைதான் கண்ணில் படும்படி அசைகிறது. பிறகு அந்தக் கையசைவை அப்படியே செய்கிறார்கள், உத்தி வருவதில்லை. கால் வேறு எங்கோ நிற்கிறது. ஆகவே முதல் தடவை பாதங்களை மட்டும் பாருங்கள். இரண்டாவது தடவை ஆசிரியரின் இடுப்புக் கச்சையின் முடிச்சு எந்தத் திசை பார்க்கிறது என்று பாருங்கள். மூன்றாவதில் கை. நான்காவதில் ஆசிரியரை விட்டுவிட்டு உகேயைக் கவனியுங்கள்: அவர் குதிகால் எந்த நொடியில் எழும்புகிறது? நிலை குலையும் இடம் அதுதான்.

விளக்கிச் சொல்வது மரபுக்கு விரோதம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஐக்கிடோவை உருவாக்கிய உஎஷிபா மொரிஹேய் (1883–1969) செய்து காட்டுவதோடு நிறுத்திக்கொள்பவர். ஒரே உத்தியை வேறு வேறு விதமாகவும் காட்டுவார். இன்று நாம் பெயரும் வரிசையுமாகப் படிக்கிற பாடத்தை ஒழுங்குபடுத்தியவர்கள் அவரிடம் பயின்றவர்கள். தோக்கியோவில் மகன் கிஷ்ஷோமாரு, இவாமாவில் சைத்தோ மொரிஹிரோ, 1955-இல் யோஷின்கான் பள்ளியைத் தொடங்கிய ஷியோதா கோசோ ஆகியோர் அந்த வேலையைச் செய்தார்கள். யோஷின்கானில் அடிப்படை அசைவுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, எண்ணிக்கை சொல்லிப் பழக்குகிறார்கள். இரண்டு வழியிலும் நல்ல ஆட்கள் உருவாகியிருக்கிறார்கள்.

கேள்வி கேட்கலாம். செய்து பார்த்த பிறகு கேளுங்கள், ஒன்றே ஒன்று கேளுங்கள். “எனக்கு வரவில்லை” என்றால் ஆசிரியர் என்ன சொல்ல முடியும்? “இரண்டாவது அடி வைத்த பிறகும் உகே நிமிர்ந்தே நிற்கிறார், ஏன்?” என்று கேட்டால் உங்கள் பாதத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவார்.

பின்னால் விழுவதற்குப் பயமாக இருக்கிறது. இரண்டு முறை தலை தரையில் இடித்துவிட்டது. இதைத் தாண்டி வர என்ன வழி?

தலை இடித்திருக்கிறது என்றால், நின்ற நிலையிலிருந்து விழுவதை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். தலைவலி, குமட்டல், மயக்கம் ஏதாவது இருந்திருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை எந்த உகேமியும் (விழும் பயிற்சி) வேண்டாம்.

பிறகு தரையிலிருந்து தொடங்குங்கள். மல்லாந்து படுத்து, தலையைத் தூக்கி, கச்சை முடிச்சைப் பாருங்கள். அந்த நிலையில் இரண்டு கைகளாலும் விரிப்பில் அடியுங்கள். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை ஒரே நேரத்தில் பட வேண்டும். கைக்கும் உடம்புக்கும் நடுவே முப்பது முதல் நாற்பத்தைந்து டிகிரி இடைவெளி போதும். தோள் மட்டத்துக்குக் கை விரிந்தால் அதிர்ச்சி தோளில் இறங்கும். பத்து தடவை. கழுத்து வலித்தால் வலிக்கட்டும் என்று விடாமல் இடைவெளி விட்டுச் செய்யுங்கள். கழுத்துத் தசை சோர்ந்த பிறகு செய்யும் உகேமியில்தான் தலை பின்னால் சாய்கிறது.

அடுத்து உட்கார்ந்த நிலை. இடது காலை மடித்து உள்ளே போட்டு, இடது பக்கப் பிருஷ்டத்தில் சாய்ந்து, முதுகில் குறுக்காக வலது தோள்பட்டை எலும்பு வரை உருண்டு, அதே வழியில் திரும்பி வாருங்கள். நேராக முதுகுத்தண்டின் மேல் உருண்டால் வால் எலும்பும் கழுத்தும் அடி வாங்கும். இது ஓசையில்லாமல் வந்த பிறகு குந்திய நிலை. அதன் பிறகுதான் நின்ற நிலை. நின்ற நிலையில், பின்காலின் மேல்பாதத்தை விரிப்பில் படியவிட்டு முழங்காலை மடிக்க வேண்டும். பிருஷ்டம் குதிகாலுக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். அங்கே விழுகிற உயரம் ஒரு சாண்கூட இருக்காது. பயப்படுகிறவர்கள் முழங்காலை மடிக்காமல் பின்னால் எட்டிப் போய் உட்காருவார்கள். அப்போதுதான் முழு உயரத்திலிருந்து விழுகிறார்கள். முதல் பத்து தடவை ஒருவர் உங்கள் கையைப் பிடித்து மெல்ல இறக்கிவிடட்டும்.

தவறு எங்கே வருகிறது என்றால் மூன்று இடங்களில். கையைப் பின்னால் ஊன்றுவது. மணிக்கட்டு முறிவதற்கு இதுவே வழி. விழும்போது எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பது. கண் மேலே போனால் தாடையும் மேலே போகும், தலை பின்னால் போகும். மூச்சைப் பிடிப்பது, பிடித்தால் முதுகு பலகையாகிவிடும். விழும்போது மூச்சை வெளியே விடுங்கள், ஓசை கேட்கும்படி விட்டாலும் பரவாயில்லை.

எவ்வளவு நாளாகும் என்று கணக்குப் போட வேண்டாம். உருளும்போது தலை ஒரு தடவைகூடத் தொடவில்லை என்று இருபது தடவை தொடர்ந்து வந்தால் அடுத்த நிலைக்குப் போகலாம். நடுவில் ஒருமுறை தொட்டாலும் முந்தைய நிலைக்குத் திரும்புங்கள்.

பலசாலி ஒருவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தால் பின்பக்கமாகச் சுழன்று திரும்பும் டென்கான்கூட வருவதில்லை. அவர் கை அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

அவர் கையை ஏன் அசைக்கிறீர்கள்? உங்கள் வலது காலும் வலது கையும் முன்னே இருக்கின்றன. அவர் இடது கையால் பிடித்திருக்கிறார், அவருக்கு இடது கால் முன்னே. அவர் பலம் முழுக்க அந்தப் பிடியில் குவிந்திருக்கிறது. அந்த இடத்தை அப்படியே அவரிடம் விட்டுவிடுங்கள். உங்கள் மணிக்கட்டு ஆகாயத்தில் இருக்கிற புள்ளியிலேயே இருக்கட்டும். உடம்பு அதைச் சுற்றிப் போக வேண்டும்.

முன்னே இருக்கிற வலது பாதத்தை அவருடைய இடது பாதத்தின் வெளிப்பக்கமாக, அவர் விரல் நுனிகளைத் தாண்டும் அளவுக்கு நகர்த்துங்கள். விரல்களை உங்கள் பக்கமாகச் சற்று மடக்கி, முழங்கையை விலாவோடு சேர்த்துக் கீழே இறக்குங்கள். பாதத்தின் முன்பந்தில் எடையை வைத்துத் திரும்பி, இடது காலைப் பின்னால் வட்டமாகக் கொண்டு வாருங்கள். முடிவில் இருவரும் ஒரே திசையைப் பார்த்து, இடுப்புக்குப் பக்கத்தில் இடுப்பாக நிற்க வேண்டும். உங்கள் உள்ளங்கை மேல்நோக்கி உங்கள் தொப்புளுக்கு நேரே இருக்க வேண்டும். தொப்புளைவிட்டுக் கை பக்கவாட்டில் போயிருந்தால் கையைத்தான் இழுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

பெரும்பாலோருக்கு முதல் நகர்வு போதாமல் இருக்கும். பாதம் ஒரு பத்து சென்டிமீட்டர் குறைந்தாலும் திரும்பும்போது அவர் தோள் உங்கள் மார்பில் முட்டும்; உடனே கை தானாக இழுக்கத் தொடங்கும். ஆகவே பிடி இறுகிய ஆளிடம் முதலில் காலை மட்டும் பழகுங்கள்: நகர்த்து, நிறுத்து, திரும்பி வா. அது பத்து தடவை. பிறகு திரும்பல். குதிகாலை ஊன்றியபடி உடம்பை மட்டும் திருப்பாதீர்கள். பாதம் நிற்க முழங்கால் முறுக்கிக்கொள்ளும், உள்மூட்டில் காயம் இப்படித்தான் வருகிறது.

ஷிஹோநாகே ஆபத்தானது என்கிறார்களே, உண்மையா? எங்கள் வகுப்பில் தொடக்க நிலையான 5-ஆம் கியூ தேர்வுக்கே அது இருக்கிறது.

உண்மைதான். ஆனாலும் அது அடிப்படை உத்தி. ஒதுக்கி வைக்க முடியாது. உகேயின் கை அவருடைய சொந்தத் தோளின் பக்கம் மடிந்து, அவர் நேர் பின்னால் விழுகிறார். மடிந்த கை பிடிபட்டிருப்பதால் உருள முடியாது. நாகே வேகமாகக் கீழே வெட்டினால் பின்தலை முதலில் தரையைத் தொடும். தலையில் கடும் காயம் ஏற்பட்ட சம்பவங்கள் உண்டு. பின்னோக்கிய உகேமி சரியாக வராதவரை இந்த உத்தியில் யாரையும் முழுதாக எறியக் கூடாது என்பது எங்கள் திடமான கருத்து.

இதை மூன்று நிறுத்தமாகப் பழகுங்கள். முதல் நிறுத்தம்: முன்காலைச் சற்று வெளியே நகர்த்தி, இரண்டு கைகளாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்து, பின்காலை அவர் முன்னால் குறுக்கே எட்டி வைக்கும் இடம். அங்கே நின்று பாருங்கள். உகேயின் எடை முன்பாத விரல்களுக்கு வந்திருக்கிறதா? அவரால் இன்னொரு கையால் உங்களைக் குத்த முடிகிறது என்றால் மேலே போவதில் பயனில்லை, திரும்பித் தொடங்குங்கள். இரண்டாவது நிறுத்தம்: கைகளை நெற்றிக்கு நேரே உயர்த்தி, இரு பாதங்களின் மேல் திரும்பும் இடம். குனிந்து நுழையாதீர்கள், முதுகு நேராக இருக்க முழங்கால் மடியட்டும். உங்களைவிடக் குள்ளமான உகேயிடம் இது கடினம், அங்கே பெரிய அடி வைத்துத் தாழ்வாகப் போக வேண்டும்.

மூன்றாவது நிறுத்தம்தான் முக்கியம். திரும்பிய பிறகு உகேயின் கைமுஷ்டி அவர் தோளைத் தொடுகிறதா என்று பாருங்கள். தோளைவிட்டு வெளியே விலகியிருந்தால் முழங்கையும் தோள்மூட்டும் முறுக்கிக்கொள்ளும். தோளோடு ஒட்டியிருந்தால் பலமே தேவையில்லை, அவர் முதுகு தானாக வளைகிறது. அங்கிருந்து நேர் கீழே நசுக்காமல், அவர் குதிகாலுக்குப் பின்னே ஓர் அடி தூரத்தில் இருக்கிற இடத்துக்கு இறக்குங்கள். அவர் பிருஷ்டம் தரையைத் தொடும்வரை உங்கள் கை அவரோடு கூடவே இறங்கட்டும்.

சிலர் தொட்டவுடன் விழுகிறார்கள். சிலர் அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு அசையாமல் நிற்கிறார்கள். யாரிடம் பழகினால் பயன்?

இரண்டிலும் உங்கள் கைக்குப் பொய்ச் செய்திதான் வருகிறது. தொட்டவுடன் விழுபவரிடம் தப்பான உத்தியும் சரியாக வந்ததாகத் தோன்றும். முன்கூட்டியே தடுப்பவரிடம் சரியான உத்தியும் வராது. வரப்போவது தெரிந்துவிட்டால் எந்த உத்தியையும் யாராலும் நிறுத்த முடியும், அதில் திறமை ஒன்றுமில்லை.

உகேயின் வேலை பாதி பாடம். ஷோமென்-உச்சி என்றால் நெற்றியின் நடுவுக்கு வெட்ட வேண்டும்; நாகே நகராவிட்டால் கை உண்மையிலேயே போய்ச் சேரும் தூரத்தில் நிற்க வேண்டும். காதுப் பக்கமாக ஒதுக்கி அடித்தால், பாவம், எதிரே இருப்பவர் நகரக் கற்றுக்கொள்ளவே மாட்டார். பிடித்தால் பிடி தொடர வேண்டும், எடை முன்னோக்கி வர வேண்டும். நிலை குலையும்வரை நிமிர்ந்திருங்கள், குலைந்ததும் விழுங்கள். புதியவரிடம் வேகத்தைக் குறையுங்கள், ஆனால் இலக்கை மாற்றாதீர்கள்.

ஆள் மாற்றுவதும் முக்கியம். தோக்கியோவின் தலைமைப் பயிற்சிக்கூடமான ஹோம்பு டோஜோவில் ஒரு மணி நேர வகுப்பு முழுக்க ஒரே ஆளோடு பழகுவது வழக்கம். வேறு பல இடங்களில் உத்திக்கு ஓர் ஆள். முதல் முறையில் ஒருவர் உடம்பை ஆழமாகப் படிக்கலாம், இரண்டாவதில் உங்கள் பழக்கங்கள் சீக்கிரம் அம்பலமாகும். வாரத்துக்கு ஒருவராவது உயரத்திலோ எடையிலோ உங்களிடமிருந்து வெகுவாக மாறுபட்டவராக இருக்கட்டும்.

வாரத்தில் இரண்டு நாள்தான் வகுப்பு. வீட்டில் துணையில்லாமல் என்ன பழகலாம்?

நிறைய. பக்கத்துக்கு முப்பது டென்கான், மெதுவாக. தரையில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, திரும்பிய பிறகு பாதங்கள் கோட்டிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஜோ என்ற கோல் (சுமார் 128 செ.மீ.), போக்கென் என்ற மரவாள் (சுமார் 102 செ.மீ.) இரண்டில் ஒன்று இருந்தால் நல்லது. சைத்தோ மொரிஹிரோ ஒழுங்குபடுத்திய வரிசையில் ஜோவுக்கு 20 தனி அசைவுகள், வாளுக்கு 7. எல்லாவற்றையும் தொடாதீர்கள். வாளின் முதல் வெட்டு ஒன்றே ஒரு மாதத்துக்குப் போதும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் இறுகப் பிடிக்க, கட்டைவிரல் பக்கம் தளர்ந்திருக்க வேண்டும். மேலே எடுத்து வெட்டுகையில் இடது கை தொப்புளுக்கு முன்னே வந்து நிற்க வேண்டும். வலது கை தள்ளினால் வாளின் நுனி இடப்பக்கம் விலகும். கண்ணாடி முன் நின்றால் உடனே தெரியும். ஐம்பது வெட்டு போதும். தோள் காதை நோக்கி ஏறத் தொடங்கினால் இருபதிலேயே நிறுத்திவிடுங்கள். களைத்த தோளோடு செய்கிற மீதி முப்பதும் களைத்த தோளைத்தான் பழக்கும். தொடங்கும் முன் கூரை உயரத்தையும் மின்விசிறியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முழங்காலிட்டுச் செய்யும் உத்திகளைக் கட்டாயம் பழக வேண்டுமா?

மூட்டுக்குள் குத்துவலி இருந்தால் வேண்டாம். ஆசிரியரிடம் சொல்லிவிட்டு அதே உத்தியை நின்று செய்யுங்கள். வலி இல்லையென்றால் முழங்காலில் நடக்கும் ஷிக்கோவைக் குறைந்த தூரம் பழகலாம். கால்விரல்கள் மடங்கி ஊன்றியிருக்க வேண்டும், இரண்டு குதிகால்களும் ஒன்றையொன்று விட்டுப் பிரியக் கூடாது. குதிகால் விலகினால் சுமை முழுக்க முழங்காலின் உட்பக்கம் இறங்கும்.

வீடியோ பார்த்துக் கற்க முடியுமா?

செய்து பார்த்த உத்தியின் வீடியோ உதவும். செய்யாத உத்தியின் வீடியோவில் கையசைவு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். இதைவிட, உங்களையே படம் பிடித்துப் பாருங்கள்: கைபேசி இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில், பாதம் தெரியும்படி. பெரும்பாலோர் முதலில் கண்டுபிடிப்பது, தாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டே செய்கிறோம் என்பதைத்தான்.

போட்டியே இல்லாத கலையில் முன்னேறுகிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உஎஷிபா போட்டியை ஏற்கவில்லை. ஐக்கிடோவின் பெரிய அமைப்பான ஐக்கிகாய் இன்றும் அதை நடத்துவதில்லை. அவரிடமும் ஜூடோவிலும் பயின்ற தோமிக்கி கென்ஜி (1900–1979) ஒரு போட்டி வடிவத்தை உருவாக்கினார். மென்மையான போலிக் கத்தியோடு ஒருவர் தாக்க மற்றவர் சமாளிக்கும் முறை அது. விருப்பம் இருப்பவர்கள் அந்த வழியில் போகலாம்.

மற்றவர்களுக்குத் தேர்வு இருக்கிறது. ஐக்கிகாய் விதியில் 5-ஆம் கியூவுக்கு 30 நாள் பயிற்சி, 1-ஆம் கியூவிலிருந்து முதல் கறுப்புப் பட்டையான ஷோதானுக்கு 70 நாள் என்று, விரிப்பில் இறங்கிய நாளைத்தான் கணக்கிடுகிறார்கள். பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருந்த மாதங்களுக்கு அங்கே மதிப்பில்லை. அதைவிட நம்பகமான அடையாளங்கள் உடம்பிலேயே உண்டு. ஒரு மணி நேரம் பழகிய பிறகு முன்பைவிடக் களைப்புக் குறைந்திருக்கிறதா? விழும் ஓசை குறைந்திருக்கிறதா? முதல் தடவை சந்திக்கிற ஆளிடமும் உத்தி வருகிறதா? தவறு நடந்த இடத்தை, முடிந்த பிறகு உணராமல், நடக்கும்போதே உணர்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் பெரிய முன்னேற்றம்.

மூன்று வருடம் ஆகிறது. முன்பு நன்றாக வந்த, முழங்கையைப் பிடித்து அடக்கும் இக்கியோகூட இப்போது மோசமாகத் தெரிகிறது. விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

விட வேண்டாம். உங்கள் கண் கையைவிட வேகமாக வளர்ந்துவிட்டது. முன்பும் இதே குறை இருந்தது, அப்போது தெரியவில்லை. பழைய உகேக்களும் உங்களுக்கு ஒத்துழைத்திருப்பார்கள்; இப்போது உங்கள் நிலைக்கு ஏற்றபடி உறுதியாகப் பிடிக்கிறார்கள்.

ஒரு மாதம் இக்கியோவை மட்டும் குறியாக வையுங்கள். வகுப்பில் என்ன உத்தி காட்டினாலும் செய்யுங்கள்; கவனம் மட்டும் ஒன்றில் இருக்கட்டும். முதல் வாரம்: அவர் முழங்கை உங்கள் கையில் எப்போது கிடைக்கிறது. இரண்டாவது வாரம்: அந்த முழங்கையை அவர் காதை நோக்கித் தள்ளுகிறீர்களா, அல்லது கீழே இழுக்கிறீர்களா. கீழே இழுத்தால் அவர் நிமிர்ந்துகொள்வார். காதை நோக்கிப் போனால்தான் தோள் திரும்பும். மூன்றாவது வாரம் உங்கள் உள்பாதம் அவர் முன்னால் நுழைகிறதா என்பது. நான்காவது வாரம் எதையும் யோசிக்காமல் செய்து, ஒரு மூத்தவரிடம் என்ன தெரிகிறது என்று கேளுங்கள்.

வலப்பக்கம் வருகிறது, இடப்பக்கம் வருவதில்லை.

இடப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நான்கு தடவையில் முதலும் கடைசியும் இடமாக இருக்கட்டும். தடுமாறினால், அதே உத்தியை வலப்பக்கம் மிக மெதுவாகச் செய்து, எந்தப் பாதம் முதலில் அசைகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு உடனே இடப்பக்கம் திரும்புங்கள். நேரம் குறைவாக இருக்கும் வகுப்பில் வலப்பக்கத்தை விட்டுவிட்டாலும் குற்றமில்லை.